நல்ல வீட்டு மூத்திரம்

கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை தேடுகிற வயசுக்கு வந்துவிட்ட என் சோட்டுப் பெண்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னதுகள் படித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், அவசரமாக எழுத வராது. நீங்களும் அவசரமாகப் படிக்க வேண்டாம்.

போன மாதம் எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. காலைத் திறந்த டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாராம். மூட்டில் வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு தார் பூசின மாதிரிக் கறுப்பாக இருந்ததாம். மறுநாள் என் கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தன் என் காது மடலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். ஒருத்தி என் கண்ணின் வெள்ளையில் இருக்கிற கறுப்புப் புள்ளியைத் தன் போனில் படம் பிடித்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் பயந்துவிடக் கூடாது என்று மெல்ல ஆரம்பித்தார்.

"அம்மா, உங்களுக்கு ரொம்ப அபூர்வமான ஒரு நோய் இருக்கு."

"தெரியும் சார்" என்றேன்.

"எப்போ தெரியும்?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கச்சொல்ல."

பாவம், அவர் முகம் வாடிவிட்டது. தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் முழுக் கதையையும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த கட்டில் காத்துக்கொண்டிருந்தது. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் பம்மலில் இருந்தோம். இப்போது இருக்கிற பம்மல் இல்லை. வீட்டைவிடத் தோல் பதனிடும் டேனரி அதிகமாக இருந்த பம்மல். அப்பா ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார். மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, இடுப்பளவு நின்று புரட்ட வேண்டும். அவர் முழங்கைவரை வெள்ளையாகவே இருக்கும், கழுவினாலும் போகாது. அம்மா அதே இடத்தில் ஆவாரம்பட்டை இடித்தார். அவர் கை செம்பட்டை நிறம். ராத்திரி இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்தால் யார் கை எது என்று விளக்கில்லாமலே தெரியும்.

ஊரில் நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது தெரியாது. தாம்பரம் போய் பஸ்ஸைவிட்டு இறங்கினால்தான் காற்றில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே என் துணியைச் சோப்புப் போட்டால் பழுப்பாகிப் போகுமாம். அம்மா அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்மலில் எந்தக் கறைக்கும் யாரும் காரணம் தேட மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் பழுப்பு, வாய்க்கால் தண்ணீர் கறுப்பு, குழந்தைத் துணி மட்டும் வெள்ளையாக இருக்குமா என்று விட்டுவிட்டார். அதனால் என் வியாதி அங்கே ஏழெட்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் சௌக்கியமாக இருந்தது.

அதைக் கண்டுபிடித்தது எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர்.

மிஷன் பள்ளிக்கூடம். ஒரே நீளமான ஓட்டுக் கட்டடம், நடுவில் தட்டி வைத்து வகுப்பு பிரித்திருப்பார்கள். ரெண்டாங்கிளாஸ் வாய்ப்பாடு சொன்னால் மூணாங்கிளாஸ் தப்பு விடும். தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை. குரலை உயர்த்தவே மாட்டார். குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் கட்டடம் முழுக்க அடங்கிவிடும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் இருந்தது, கழிப்பறை மட்டும் இல்லை. பையன்களுக்கு உலகம் பூராவும் இடம். பெண்பிள்ளைகள் பின்பக்கச் சுவரோரம், ஒருத்தி போனால் ஒருத்தி காவல் நிற்க வேண்டும். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பின்சுவர் ஓரத்தில் நாற்றம் தெரியாமலிருக்கச் சுண்ணாம்புத் தூளை அகலமாகத் தூவி வைத்தார்கள். கோலம் போட்ட மாதிரி அழகாக இருந்தது. நான் போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். சாயங்காலம் பார்த்தால் அந்த வெள்ளையில் தார் ஊற்றின மாதிரி ஒரு கறுப்பு ஓடை.

பெரிய டீச்சர் அதை மசி என்றே நினைத்தார். இன்ஸ்பெக்டர் வருகிற நேரத்தில் எவளோ மசியைக் கொட்டியிருக்கிறாள் என்று எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விரல் நகத்தைச் சோதித்தார். ஒருத்தி நகத்திலும் மசி இல்லை. எங்கள் வகுப்பில் யார் மசி பார்த்தோம்? எங்களுக்குச் சிலேட்டுதான். மறுநாள் இன்னொரு ஓடை. அதற்கு மறுநாள் பெரிய டீச்சர் முருங்கை மரத்துக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு ஒளிந்து நின்றார். அந்த மரம் ஒல்லி, அவர் அப்படி இல்லை. அவர் நிற்பது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவசரம் பொறுக்காதே.

நான் எழுந்ததும் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைக்கும் போகிற மாதிரிதான். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல அது பழுப்பாகி, காப்பிக் கலராகி, அப்புறம் கறுத்தது. பெரிய டீச்சர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தொடவில்லை. குடை நுனியால் வாசல் பக்கம் காட்டினார்.

"வீட்டுக்குப் போம்மா. இது என்ன நோய்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். அது இல்லாம இங்க வராதே. இத்தனை பிள்ளைங்களுக்குத் தொத்திக்கிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பயம் அவருக்கு. ஆனால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோதுமை உப்புமா வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கு எதிர்த்திசையில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவுக்குத் தாங்காதது வேறு. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர் அப்பாவோடு பெரிய சண்டை போட்டவர். பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று அப்பா கேட்டபோது, "பஸ்ஸு போர்டு படிக்கட்டும்யா. ஒவ்வொரு வாட்டியும் 'இந்த பஸ்ஸு எங்க போவுது'ன்னு கண்டவன்கிட்ட கேக்கறது எனக்கே அசிங்கமா கீது" என்றாராம். நான் அப்போதுதான் 'த' வரை வந்திருந்தேன். தாம்பரம் பஸ்ஸைத் தனியாகக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று எழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நிறுத்திவிட்டார்கள்.

யாரிடம் போவது என்றும் பெரிய டீச்சரே சொல்லி அனுப்பினார். தாம்பரத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய சர்ச்சுக்கு வருகிற ஒரு டாக்டரம்மா இருக்கிறார், யாருக்கும் வராத வியாதியாகப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவர், அவரிடம் போகச் சொன்னார். போனோம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, பேச்சு ரயில் வேகம். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடிக்குள் கண் பளபளத்தது. நாளைக் காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு, தொத்தாத நோய் என்றால் பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து, போட்டோ பிடிப்பு, எதற்குப் போனாலும் எங்கள் தெருவில் இரவல் வாங்கித்தான் போவோம். அதில் வெட்கம் கிடையாது. இருக்கிறவர்கள் கொடுப்பார்கள், இல்லாதவர்கள் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். பெரிய இடத்துக்கு நம்முடையதை அப்படியே கொண்டுபோய் நீட்டினால்தான் மரியாதைக் குறைவு. எங்கள் வரிசையில் இரவலுக்கென்றே இருந்தது மேஸ்திரி வீடு. அப்பா வேலை பார்த்த டேனரியின் மேஸ்திரி. அவர் சம்சாரத்தின் இரட்டைவடச் சங்கிலி அந்தத் தெருவில் ஏறாத கழுத்து இல்லை.

அன்று ராத்திரி அம்மா மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பினார், கையில் பாட்டிலோடு. அப்பாவுக்குப் புரியவில்லை.

"சங்கிலி வாங்க பாட்டில் எதுக்குடி?"

"டாக்டரம்மா கையால வாங்கிப் பாக்கப் போறாங்க. இவளுது கறுத்துப் போவுது. அதையா கொண்டுபோய்க் குடுப்பாங்க? இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு வாங்கியாறேன்."

"ஒண்ணுக்குல இன்னாடி நல்லது கெட்டது?"

"அப்ப நீயே போய்க் குடு" என்றார் அம்மா. அப்பா பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அது பரீட்சை. பாசானால் சீட்டு, பெயிலானால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பரீட்சைக்கு யாராவது மட்டமானதைக் கொண்டுபோவார்களா? மேஸ்திரி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி. காப்பிக்கு வெல்லம் கிடையாது, வெள்ளைச் சர்க்கரை. மேஸ்திரியம்மா நடந்தால் தரை சொல்லும். அவருடையதைவிட நல்லது பம்மலில் எங்கே கிடைக்கும்?

மேஸ்திரியம்மா சந்தோஷமாகச் சம்மதித்தார். தெருவில் இத்தனை பேர் இருக்க, தன்னிடம் கேட்டது அவருக்குப் பெருமை. காலையில் வாய்வரை நிரப்பி, மூடி போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியும் கட்டிக் கொடுத்தார். "இன்னும் வேணும்னா கூச்சப்படாம கேளு" என்றும் சொன்னார். எனக்குத் தன் மகளின் பூப்போட்ட பாவாடையும் கொடுத்தார்.

பஸ்ஸில் அம்மா அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் இடித்துவிடாமல் கையால் அணைத்துக்கொண்டே வந்தார். அம்மா கழுத்துச் சங்கிலி இரவல், என் பாவாடை இரவல், பாட்டிலில் இருந்ததும் இரவல். எங்கள் வீட்டுச் சொந்தச் சரக்கு என்று அந்த பஸ்ஸில் போனது நாங்கள் இரண்டு பேர்தான்.

டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாகத் தங்கக் கலரில் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கறுக்கிறதா என்று என்னவோ ஊற்றிப் பார்த்தார், கறுக்கவில்லை. அவருக்கு ஏமாற்றம். அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் எடுத்து, இதில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் கலருக்கு வந்தது. நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை.

"இந்த பாட்டில்ல முன்னாடி என்ன இருந்தது?"

"நன்னாரி சர்பத்துங்க."

டாக்டரம்மாவுக்கு நிம்மதியாகி, சிரித்தார். பாட்டிலில் இருந்த சர்க்கரையாக இருக்கும் என்று ஆஸ்பத்திரி பாட்டில் ஒன்றைக் கொடுத்து, நாளைக்கு மறுபடியும் கொண்டுவரச் சொன்னார். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. சாம்பலும் புளியும் போட்டு விளக்கின பாட்டில் அது. திரும்பி வருகிற வழியெல்லாம், "நான் பாத்திரம் கழுவற லட்சணத்தையில்ல கொற சொல்றாங்க" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் மேஸ்திரியம்மா ஆஸ்பத்திரி பாட்டிலையும் நிரப்பினார். மறுபடியும் செங்கல் கலர். இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவினார். பெரியவர்கள் சும்மா தலையைத் தடவ மாட்டார்கள்.

குழந்தைக்குக் கடுமையான சர்க்கரை வியாதி என்றார். இன்றைக்கே வார்டில் படுக்க வேண்டும். தினம் ஊசி. இன்றைக்கு நாளைக்கு இல்லை, ஆயுசு முழுக்க. பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றும் சொன்னார்.

"எங்க வூட்ல சக்கரையே கெடையாதே டாக்டரம்மா. இவளுக்கு எங்கேர்ந்து வந்துது?" என்று அம்மா கேட்டார். டாக்டரம்மா பொறுமையாக என்னென்னவோ விளக்கினார். அதற்குள் ஒரு நர்ஸ் வந்து என் இரவல் பாவாடையை அவிழ்த்து ஆஸ்பத்திரிக் கவுனை மாட்டினாள். அடுப்பில் ஒரு தட்டில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், பல் கிட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நான் அம்மாவின் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கையால் பிடித்தால் பிரித்துவிடுவார்கள் என்று.

அம்மா என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். கழுத்துச் சங்கிலியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, அது இவளுது இல்ல."

"எது?"

"பாட்டில்ல கீறது. அது எங்க மேஸ்திரி சம்சாரத்துது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து கொண்டுவந்தது?"

"அதுவும் அவங்களுதுதான். நல்ல வூடும்மா. வாராவாரம் கறி துன்றவங்க."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டார். அம்மா தலைகுனிந்து நின்றார். அப்புறம் டாக்டரம்மா குரல் இறங்கியது.

"ஏம்மா அப்படி செஞ்சீங்க? இவளோடதைக் கொண்டுவந்தா என்ன?"

"அது கறுத்துப் போயிடுதும்மா. அத எப்படி உங்க கையில குடுக்கறது?"

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆஸ்பத்திரிக்காரர்கள்மேல் ஒரு பிரியம் வரும். என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு ஓட்டமாகக் கூட்டிப் போனார். அங்கே சாக்கடை ஓரம் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. "உட்காரு கண்ணு" என்றார். உட்கார்ந்தேன். அவர் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கு வரும்? வரவில்லை. நர்ஸ் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் காட்டினாள். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். அப்புறம் இன்னொரு சொம்பு. மூன்று பேரும் திரும்பி நின்றுகொண்ட பிறகுதான் வந்தது.

எல்லாரும் குனிந்தோம். சுண்ணாம்பு பழுப்பானது. காப்பி ஆனது. கறுத்தது. டாக்டரம்மா வெள்ளைக் கோட்டோடு அந்தச் சாக்கடை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. யாரையோ இங்கிலீஷில் கூப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் இரண்டு டாக்டர்கள் ஓடிவந்தார்கள், ஒருவர் கையில் இன்னும் சோறு. அம்மாவுக்கு மானம் போயிற்று. "போதும்மா, கழுவி வுட்டுடறேன்" என்று வாளியைத் தூக்கிவிட்டார். டாக்டரம்மா பாய்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன். இதைத் தொடாதீங்க."

டாக்டர் ஒருத்தர் எங்கள் அம்மாவைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்.

அப்புறம் அன்று முழுக்க எனக்கு ராஜ உபசாரம். பெஞ்சில் உட்கார வைத்து ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். டாக்டரம்மா அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பேசினார். புத்தகத்தில் மட்டுமே படித்த நோய் இது, இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றார். பிறக்கும்போதே வருவது, யாருக்கும் தொத்தாது, உயிருக்கு ஆபத்தில்லை, வயசான பிறகு மூட்டு வலிக்கும் என்றார். "மூட்டு யாருக்கும்மா வலிக்கல?" என்றார் அம்மா. அப்பா அம்மாவுக்கு என்ன உறவு என்று டாக்டரம்மா கேட்டார். தாய்மாமன் என்று அம்மா சொன்னார். அதனால்தான் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அம்மா நம்பவில்லை. எங்கள் தெருவே மாமன்களைக் கட்டிக்கொண்ட தெரு, எல்லாப் பிள்ளைக்குமா கறுத்தது?

"மருந்து இன்னும் கண்டுபிடிக்கலை. ஆனா சாப்பாட்டுல கவனமா இருக்கணும். கறி, மீன், முட்டை, பால் எல்லாம் குறைச்சுக் குடுங்க."

அம்மா நிமிர்ந்தார். "கொறைக்கறதுக்கு மொதல்ல கொஞ்சம் இருக்கணுமே டாக்டரம்மா."

டாக்டரம்மா நான் குடித்துக்கொண்டிருந்த பாலைப் பார்த்தார். வாங்கவும் மனசு வரவில்லை, விடவும் முடியவில்லை. "இன்னைக்கு மட்டும்" என்றார். அந்த 'இன்னைக்கு மட்டும்' அப்புறம் நான் எப்போது போனாலும் நடந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட என்னை அடிக்கடி வரச் சொன்னார். போனால் பாலும் ரொட்டியும். என்னைப் பற்றிப் புத்தகத்தில் எழுதுவேன், பேர் மட்டும் போட மாட்டேன் என்றார். எழுதியிருப்பார். பேர் இல்லாமல் எத்தனையோ பேர் புத்தகங்களில் இருக்கிறோம். அந்த வார்டில் அப்படி ஒரு வரிசையே படுத்திருந்தது.

அம்மாவை நான் முட்டாள் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எந்தப் பெரிய இடத்துக்குப் போனாலும் அவரிடம் இருந்தது எதுவும் போதாது என்றுதான் அவருக்குக் காட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் அவரிடம் இருந்ததைத்தான் கேட்டார்கள். அவருக்கு அது புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

சீட்டு கிடைத்துவிட்டது. ஆனால் மேஸ்திரியம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லும் வேலையும் அம்மா தலையில் விழுந்தது. வாங்கின பொருளில் குற்றம் இருக்கிறது என்று கொடுத்தவரிடமே எப்படிச் சொல்வது? சங்கிலியையும் பாவாடையையும் முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அம்மா விஷயத்தைச் சொன்னார். மேஸ்திரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கேட்டியேன்னு குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். என்னுதுல குத்தமா? தெருவுல யாரை வோணாலும் கேளு."

தெருவில் யாரைக் கேட்பது? சில நாள் எங்களோடு பேசவே இல்லை. ஆனால் அவர் காலில் ஒரு புண் ரொம்ப நாளாக ஆறாமல் இருந்தது. மேஸ்திரி பயந்துபோய்க் கூட்டிப் போனார். டாக்டரம்மா சொன்னது சரியாக இருந்தது. ஊசி போட்டார்கள், புண் ஆறியது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் மேஸ்திரியம்மாவை. இது இருக்கிற வீட்டில்தான் வருமாம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வியாதியிலும் எங்களைவிட ஒரு படி மேலே போய்விட்டார். தீபாவளிக்கு அவர் தின்னக் கூடாத இனிப்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எனக்கு விலக்கின கறி எங்கள் வீட்டில் இருந்தால்தானே யார் வீட்டுக்காவது போகும்.

சீட்டை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் பள்ளிக்கூடம் போனோம். இங்கிலீஷில் எழுதியிருந்தது. பெரிய டீச்சர் இரண்டு தடவை படித்தார். தொத்தாது என்று டாக்டரே எழுதிவிட்டார், மறுக்க முடியாது. ஆனாலும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வகுப்பில் உட்காரலாம், சாப்பாடும் உண்டு, ஆனால் பின்சுவர்ப் பக்கம் மற்ற பிள்ளைகளோடு போகக் கூடாது, உனக்குத் தனி இடம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. ஒதுக்கி வைக்கிறார்களே என்று. ஆனால் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் முருங்கை மரத்தடியில் ஆள் வந்து நாலு கம்பு நட்டு, சுற்றி ஓலைத் தட்டி கட்டி, உள்ளே இரண்டு கருங்கல் போட்டு, கதவுக்கு ஒரு சாக்கும் தொங்கவிட்டார்கள். ஒரு மண் பானையில் தண்ணீர். எனக்கு மட்டும்.

முதல் நாள் உள்ளே போய்ச் சாக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் காவல் நிற்கவில்லை. பையன்கள் சுவருக்கு மேலே கல் எறியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இடம் கிடையாது. வேலை முடிந்த பிறகும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மற்ற பெண்களுக்கு வயிற்றெரிச்சல். முதலில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றவள்தான் முதலில் எழுந்து நின்றாள். "டீச்சர், எனக்கும் கறுப்பா வருது டீச்சர்." பெரிய டீச்சர் டாக்டர் சீட்டு கேட்டார். மறுநாள் இன்னொருத்தி. அவள் கெட்டிக்காரி, அடுப்புக்கரியை அரைத்துக்கொண்டுவந்து சுண்ணாம்பில் கொட்டிக் காட்டினாள். விரலைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டாள். அந்த வாரத்தில் தட்டிக்கு அந்தப் பக்கம் மூணாங்கிளாஸ் பூராவுக்கும் என் வியாதி வந்துவிட்டது. பெரிய டீச்சர் அசையவில்லை. குடையைத் தட்டி, சீட்டு இருக்கிறவளுக்கு மட்டும்தான் என்றார்.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் உப்புமாவுக்கு வரிசையில் நிற்கிற நேரம். எனக்கு அவசரம். ஓடினேன். என் இடத்தில் சாக்கு இழுத்துவிட்டிருந்தது. வெளியில் ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த டீச்சர் காலையில் எங்களுக்கு முன்னால் வருவார், சாயங்காலம் எங்களுக்குப் பின்னால் போவார். அத்தனை வருஷமாக அவர் எங்கே போனார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. யாருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

சாக்கு விலகியது. பெரிய டீச்சர் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குடையை எடுத்து விரித்துக்கொண்டார்.

"என்ன பாக்கறே? உள்ளே போ. போயிட்டு வந்து, மத்த பிள்ளைங்களும் வேணும்னா போகலாம்னு நான் சொன்னதா சொல்லு."

இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"பானையிலே தண்ணி குறைஞ்சா ஊத்தி வைக்கச் சொல்லு" என்றார்.